மூன்றில் ஒரு பச்சை

திங்கட்கிழமை காலையில் அவள் ஒற்றைக் கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இடது கையை மடியில், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல வைத்திருந்தாள். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடங்களில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகட்டி, நண்டு நடப்பதுபோல விசைப்பலகையின் மேல் போக வேண்டியிருந்தது. மணிக்கட்டில் இருந்த கட்டு அழகாக இருந்தது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடி, கடைசியில் ஊக்கு வெளியே தெரியாமல் உள்பக்கமாகக் குத்தப்பட்டிருந்தது. கேட்ட எல்லோரிடமும் குளியலறைக் கதவு என்று சொன்னாள்.

"கட்டு சூப்பரா போட்டிருக்காங்களே, எந்த ஆஸ்பத்திரி?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

"வீட்டுக்காரர் போட்டது."

"குடுத்து வெச்சவ நீ."

அதுவும் உண்மைதானோ என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது.

அந்த நிறுவனம் தகடு அழுத்தும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதியது. பிரஸ் என்பார்கள். மேலே ஓர் இரும்புத் தலை, கீழே ஓர் இரும்புப் படுக்கை. நடுவில் தகட்டை வைத்து மிதியை மிதித்தால் தலை இறங்கும். தகடு கிண்ணமாகவோ மூடியாகவோ ஆகி வெளியே வரும். தகட்டை வைக்கிற கையும் சேர்ந்து நசுங்கிவிடக் கூடாது என்பதற்காக அதன் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. விரல் அந்தத் திரையைத் தாண்டினால், தலை எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிட வேண்டும். நிற்கச் சொல்வது மென்பொருள். அது ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்ப்பதற்காக, தாமாகவே ஓடும் சோதனைகளை ஒரு காலத்தில் யாரோ அக்கறையாக நூற்றுக்கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். நிரல் வளர்ந்தது, சோதனைகள் வளரவில்லை. தோற்றுப்போன சோதனையைச் சரிசெய்ய நேரமில்லாதவர்கள் அதன் தலையில் 'தவிர்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு நகர்ந்திருந்தார்கள். 'தற்காலிகமாக.' 'ரிலீஸ் முடிஞ்சதும் பாக்கணும்.' 'என் மெஷின்ல ஓடுதே!' ஒன்றில் மட்டும், 'இதைத் தொட்டவன் கெட்டான்.'

போன மாதம் ஏதோ ஓர் ஆலையில், இவர்கள் மென்பொருள் ஓடும் பிரஸ்ஸில், ஒருவருக்கு இரண்டு விரல்கள் போயின. அறிக்கையில் காரணம், கவனக்குறைவு என்று இருந்தது. இருந்தாலும் புதிதாக இயந்திரம் வாங்குகிறவர்கள், எல்லாச் சோதனைகளும் தேறியதற்குச் சான்று வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அப்படித்தான் யாருக்கும் வேண்டாத இந்த வேலை அவளிடம் வந்தது. "விருந்தாளி வர்றாங்கம்மா. வீட்டக் கொஞ்சம் பெருக்கித் தொடச்சுக் குடு" என்றார் மேலாளர். நல்ல மனிதர்தான். பிறந்தநாள்களை ஞாபகம் வைத்திருப்பார். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தானே காரில் கொண்டுபோய் வீட்டில் விடுவார். பிரஸ்ஸின் முதல் நிரலை இளைஞராக இருந்தபோது தானே உட்கார்ந்து எழுதியவர் என்பதால் அதன்மேல் மூத்த பிள்ளைமேல் இருக்கிற மாதிரி ஒரு பாசம். தினமும் காலையில் வந்ததும் வராததுமாகச் சுவரில் இருக்கும் பெரிய திரையைப் பார்த்து, "பச்சையா? பச்சையா?" என்று கேட்பார். அதனால் அவருக்குத் தெரியாமல் அவருக்குப் பச்சைக்கிளி என்று பெயர்.

அங்கே 'மூணு சான்ஸ்' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு சோதனை தோற்றால் கணினி தானே அதை மறுபடி ஓட்டும். திரும்பவும் தோற்றால் இன்னொரு முறை. மூன்றில் ஒன்று தேறினால் போதும், சுவர்த் திரையில் பச்சை விழும்; தோற்ற இரண்டும் எங்கும் தெரியாது. யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. எல்லோருக்கும் வசதியாக இருந்ததால் யாரும் கேட்கவும் இல்லை. சில சமயம் தேறி, சில சமயம் தோற்கிற சோதனைகளுக்கு 'மாமியார் டெஸ்ட்' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். எப்போது முகத்தைத் தூக்கும் என்று தெரியாது. பதில் பேசாமல் இன்னொரு தடவை கூப்பிட்டால் சரியாகிவிடும். அந்தப் பெயருக்கு அவளும் சிரித்திருக்கிறாள். புருஷன் டெஸ்ட் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

எப்போதும் தோற்கிற சோதனைமேல் அவளுக்கு மரியாதை உண்டு. அது நேருக்கு நேர் நின்று இல்லை என்று சொல்கிறது. எப்போதாவது தோற்கிறதுதான் ஆளைத் தின்கிறது. தவறு அதனிடம் இருக்கிறதா, பார்க்கிற தன் கண்ணில் இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். கடைசியில் அதை விட்டுவிட்டுத் தன்னையே சோதித்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவோம். வீட்டில் அவள் இதை வருடக்கணக்காகச் செய்துவந்தாள். சீக்கிரம் வந்தால் என்ன ஆகிறது, தாமதமாக வந்தால் என்ன ஆகிறது? போனை எடுத்துப் பேசினால், பேசாமல் வைத்தால்? சிரித்தால்? சும்மா இருந்தால்? ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒரே மாதிரி நடந்துகொண்ட இரண்டு நாட்களில் ஒரு நாள் அடி விழும், ஒரு நாள் விழாது. விழாத நாளைத்தான் அவள் கணக்கில் எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் வண்டிச் சாவி எங்கே என்று கேட்டான். அவள் சமையலறையில் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தாள். "அங்கதான இருக்கும், பாருங்க" என்றாள். அதே சொற்களை அதே குரலில் புதன்கிழமையும் சொல்லியிருந்தாள். புதன்கிழமை அவன், "ஆமா, கண்ணு முன்னாடியே வெச்சுக்கிட்டு லூசு மாதிரி தேடறேன்" என்று சிரித்தான். சனிக்கிழமை சமையலறைக்குள் வந்து, தூக்கியிருந்த அவள் கையை மணிக்கட்டில் பிடித்தான். கட்டைவிரல் உள்பக்கம், நாடி துடிக்கிற இடத்தில். மற்ற நாலு விரலும் புறங்கையில். அப்படியே வெளிப்பக்கமாகத் திருகினான். மணிக்கட்டைத் திருகினால் தோள் கூடவே போகும், தோளோடு முதுகு போகும், கடைசியில் முழங்கால்கள் தாமாகவே மடிந்துவிடும் என்பதை அவள் உடம்பு முன்பே கற்றிருந்தது. டப்பா விழுந்து உருண்டது. உள்ளே எங்கோ ஈரக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். மண்டியிட்டிருந்த அவள் தலையை இன்னொரு கையால் பற்றி அலமாரிக் கதவில் ஒரு முறை மோதினான். அதில் கோபம்கூட இல்லை. திறந்து கிடக்கிற கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. பிறகு குனிந்து அவள் முகத்துக்கு நேராகக் கேட்டான். "எங்க இருக்கும்? சொல்லு. எங்க இருக்கும்?"

சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

அரை மணி நேரம் கழித்து அவனே மருந்து தடவிக் கட்டுப் போட்டான். அவன் கண்ணீர் அவள் விரல்மேல் விழுந்தது. "நீயும் கொஞ்சம் கவனமாப் பேசியிருக்கலாம்ல, கண்ணு" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இரவுவரை அவன் அவளை ஒரு தம்ளரைக்கூட எடுக்க விடவில்லை. துணி துவைத்தான். தலை பின்னிவிட்டான், கோணலாக. அம்மா போனில், "என்னடி, எல்லாம் நல்லாத்தான போகுது?" என்று கேட்டபோது அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காகப் பழம் உரித்துக்கொண்டிருந்தான். "நல்லாத்தான்மா போகுது" என்றாள். அது பொய் என்று அந்த நிமிடத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

ஒற்றைக் கையால் அவள் இப்போது திறந்து வைத்திருந்தது, 'கை உள்ளே வந்தால் நிற்க வேண்டும்' என்ற சோதனை. இருப்பதிலேயே மூத்த மாமியார் அதுதான். ஆனால் மூன்றில் ஒன்று எப்படியும் தேறிவிடும் என்பதால் வருடக்கணக்காகச் சுவரில் பச்சையாகவே இருந்தது. மூன்று வாரங்களாக அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்திருந்தாள். தோற்றபோதெல்லாம் என்ன நடந்தது என்று அவளுக்கு இப்போது தெரியும். ஒவ்வோர் அழுத்தத்தின்போதும் மென்பொருள், இதுவரை எத்தனை தகடு ஆயிற்று என்ற எண்ணிக்கையை இயந்திரத்தின் காட்சித் திரையில் எழுதும். எழுதுகிற அந்தக் கண்ணிமைக்கும் நேரம் அதற்குக் காது கேட்காது. சரியாக அந்த நேரத்தில் கை உள்ளே வந்தால், நில் என்ற சொல் வாசலில் காத்துக்கொண்டு நிற்கும், தலை இறங்கிவிடும். கையை வைத்தவர் எவ்வளவு கவனமாக வைத்தார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்தக் கடைசி வரியை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மடியில் இருந்த கை சூடாகத் துடித்தது. பிறகு அமைப்புக் கோப்பைத் திறந்து, மூன்று சான்ஸ் தருகிற வரியை அழித்தாள். ஒரே ஒரு வரி. எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போன சமயத்தில் சுவர்த் திரை முழுவதும், ஒன்றன் பின் ஒன்றாக, அம்மை போட்ட மாதிரிச் சிவந்துவிட்டது.

மேலாளர் அவள் மேசைக்கு வந்தபோது சுற்றிலும் தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிற்று.

"என்னம்மா இது? பெருக்கச் சொன்னா வீட்டையே கொளுத்திட்டியே!"

"எல்லாமே முன்னாடியே சிவப்புதான் சார். இப்பதான் தெரியுது."

"வெள்ளிக்கிழமை நான் இதையா அனுப்பறது?" அவள் மேசையில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். தண்ணீர் பாட்டில் சாய்ந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் கண்கள் மூடிக்கொண்டன, தோள் காதுவரை ஏறியது, நல்ல கை தலையை மறைக்கப் பாதி வழி போய்விட்டது. கண்ணைத் திறந்தபோது மேலாளர் திகைத்துப்போய்த் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அட, உன்ன என்ன அடிக்கவா போறேன்?" என்றார், குரல் இறங்கி. "அந்த வரியத் திரும்பப் போட்டுடு. அவ்ளோதான்."

"மாட்டேன் சார்."

அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எத்தனையோ வருடங்களாக அதைச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அடுத்தது விழக் காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை.

"மெஷின்ல வெச்சுக் காட்டறேன் சார். நிஜப் பிரஸ்ல. கை மேல எறங்குது."

"டெஸ்ட்தான்மா தப்பு. மெஷின்ல தப்பு கெடையாது. அத எழுதினவன் நான். வா, காட்டு."

அதே தளத்தின் கோடியில், தெருவைப் பார்த்த ஓர் அறையில் சோதனைக்காக வாங்கிய சிறிய பிரஸ் ஒன்று இருந்தது. அந்த அறையை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. உடைந்த நாற்காலிகளும் காலி அட்டைப்பெட்டிகளும் அதைச் சுற்றிக் குவிந்திருந்தன. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக், ஐம்பது வயதுக்காரர், நாற்காலிகளை இழுத்துப் போட்டு வழி பண்ணினார். கை வேண்டும் என்று அவள் சொன்னதும், பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் ரப்பர் உறை ஒன்றை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். பூந்தொட்டி மண்ணைக் குழைத்து விரல் விரலாகத் திணித்து, வாயைக் கட்டிக் கொண்டுவந்தார். படுக்கையில் வைத்தபோது அது மல்லாந்து, எதையோ வாங்கிக்கொள்ள நீட்டிய கை மாதிரி இருந்தது.

"தங்கச்சி, அந்தக் கை எப்படி?" என்று மெல்லக் கேட்டார்.

"கதவுண்ணே."

"பலே கதவு" என்றார்.

மண் கையை ஒரு குச்சி நுனியில் கட்டி, தலை இறங்கும்போது ஒளித்திரைக்குள் நீட்டினார்கள். தலை நின்றது. மறுபடி. நின்றது. மறுபடி. ஒவ்வொரு முறையும் இரும்பு 'தக்' என்று உறைந்து நின்றது. நின்றதில் ஏமாற்றமா நிம்மதியா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. சமையலறையில் அவன் காலடிச் சத்தம் அருகில் வந்து, அவளைத் தாண்டி, குளிர்பதனப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்கும்போது வருகிற அதே நிம்மதி. சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் மஞ்சளாகும்வரை ஓட்டினார்கள். ஒருமுறைகூடத் தலை இறங்கவில்லை. மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அவள் போன் அதிர்ந்தது. 'கீழ நிக்கறேன் கண்ணு. மெதுவா வா.' ஜன்னல் வழியே பார்த்தாள். வாசலுக்கு எதிரே வண்டியை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அவளுடைய தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டாமல், வெயிலில் சுடாதிருக்க மடியில் வைத்திருந்தான்.

"பாத்தியா?" மேலாளர் சிரித்தார். கோபமெல்லாம் போய், பிள்ளை பரீட்சையில் தேறிய தகப்பன் மாதிரி இருந்தார். "எம் புள்ளம்மா இது. என் மேலயே எனக்குச் சந்தேகம் வரும், இது மேல வராது. இன்னும் நம்பலையா? சரி." சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தார்.

"சார், வேணாம்" என்றார் மெக்கானிக்.

"யோவ், சும்மா இரு. இத்தன தடவ நின்னது இப்ப நிக்காதா?"

குச்சியை மண் கையிலிருந்து பிடுங்கி மூலையில் எறிந்தார். மண் கை படுக்கையிலேயே கிடந்தது. மிதியைத் தானே மிதித்தார். தலை இறங்க ஆரம்பித்தது. அவர் கை, ரோமம் நரைத்த, நகங்களை ஒட்ட வெட்டிய கை, கண்ணுக்குத் தெரியாத திரையை நோக்கிச் சாதாரணமாக, அலமாரியிலிருந்து எதையோ எடுக்கப் போகிற மாதிரி நீண்டது; விரல் நுனிகள் திரையைத் தாண்டின.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால், இந்தத் தடவையும் நின்றுவிடும் என்றுதான் நினைத்திருப்பாள். அவளுடைய இரண்டு கைகளும், கட்டுப் போட்டதும் போடாததும், அவர் மணிக்கட்டைப் பிடித்தன. கட்டைவிரல் தானாகவே உள்பக்கம் நாடியைத் தேடிப் போனது. நாலு விரல் புறங்கையில். வெளிப்பக்கமாகத் திருகினாள், முழு பலத்தோடு. அவர் தோள் திரும்பியது, முதுகு திரும்பியது, முழங்கால்கள் மடிந்தன. "ஐயோ!" என்று அந்தப் பெரிய உடம்பு தரையில் மண்டியிட்டபோது, அவர் தலைக்கு மேலே இரும்பு நிற்காமல் இறங்கியது.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரமான ஒரு சத்தம். மண் நாலாபக்கமும் தெறித்தது. அவர் நெற்றியில், அவள் கைக்கட்டின்மேல், சுவரில்.

அவள் இன்னும் பிடியை விடவில்லை. அவர் முகம் அவளுக்குக் கீழே இருந்தது. வலியில் வாய் திறந்து, ஏன் என்று புரியாமல் மேலே பார்க்கிற முகம். அந்த முகத்தை அவள் இதுவரை வெளியிலிருந்து பார்த்ததில்லை. இன்னும் ஓர் அங்குலம் திருகினால் உள்ளே ஈரக் குச்சி ஒடியும் என்று அவள் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு சுலபம் என்று நினைத்தாள். நிறுத்துவதும் அவ்வளவே சுலபமாக இருந்தது. விரல்களைத் திறந்தாள். கை விழுந்தது.

"கைய ஒடச்சிருப்பியே" என்றார், மூச்சு வாங்க. பிறகுதான் பிரஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு இரும்புக்கும் நடுவே மஞ்சள் ரப்பர் காகிதம்போல ஒட்டிக்கிடந்தது. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, தன் ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கி மடக்கிப் பார்த்தார். ஆனால் பல வருடப் பழக்கம் நாக்கில் ஊறிப்போயிருந்தது.

"இன்னொரு... இன்னொரு தடவ போட்டுப் பாக்கலாமா?"

மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே தெருவில் ஹார்ன் ஒலித்தது. சின்னதாக, அன்பாக, ஒரு முறை. அவனுடைய ஹார்ன் அவளுக்குத் தெரியும்.

"வீட்டுக்காரர் வந்துட்டார் போல" என்றார் மேலாளர். என்ன சொல்வது என்று தெரியாமல், தரையிலிருந்து எழாமலே சொன்னார். "நீ கெளம்பும்மா. அப்புறம் பாக்கலாம்."

"இல்ல சார்."

இரண்டாம் முறை ஹார்ன் ஒலித்தது. முன்னைவிடக் கொஞ்சம் நீளமாக. அவள் மூலையில் கிடந்த உடைந்த நாற்காலிகளில் கால் ஆடாத ஒன்றைப் பார்த்து இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைக்கட்டின்மேல் தெறித்த மண் வெள்ளைத் துணியில் ஊறிக்கொண்டிருந்தது. பல்லால் ஊக்கைக் கழற்றி, அந்த அழகான சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். கடைசிச் சுற்று விலகியபோது உள்ளே மணிக்கட்டு கருநீலமாக, நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் தனித்தனியாகத் தெரியும்படி வீங்கியிருந்தது. அதை மறைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். மேலாளர் அதைப் பார்த்தார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"அண்ணே," என்றாள் அவள், "தலையத் தூக்குங்க."

மெக்கானிக் பொத்தானை அழுத்தினார். கீழே ஹார்ன் மூன்றாம் முறை அடித்தது, இந்தத் தடவை கையை எடுக்காமல். இரும்புத் தலை முனகிக்கொண்டு மெதுவாக மேலே போனது. நசுங்கிய உறை கீழே தங்காமல் அதன் அடியிலேயே ஒட்டிக்கொண்டு கூடவே உயர்ந்தது. ஐந்து விரல்களும் விரிந்து தட்டையாக, சாயங்கால வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இருந்தது. பிறகு சுண்டுவிரல் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு விரலாக, உரிய ஆரம்பித்தது.